படச்சுருள் காத்த வாய்மை: நிழற்படக் கண்காட்சி விதிகள் மாறிய வரலாறு



பள்ளிகளில் நிழற்படப் போட்டியோ கண்காட்சியோ நடத்த முற்படும்போதெல்லாம், விதிமுறைத் தாளை எழுதும் இடத்தில் ஒரு தயக்கம் தோன்றுவதைக் கண்டு வருகிறேன். கைப்பேசியில் எடுத்த படத்தைச் சேர்க்கலாமா? கணினியில் வண்ணம் கூட்டிய படத்தை ஏற்கலாமா? செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படத்தை மாணவன் கொண்டுவந்தால் என்ன சொல்வது?

இவை இன்று தோன்றிய கேள்விகள் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இவற்றின் வேர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதன் ஒரு கிளை நம் பினாங்கு மண்ணிலேயே இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் விதி எழுதும் கை தடுமாறாது என்பது என் கருத்து. அதனாலேயே இக்கட்டுரை.

பினாங்கில் எழுந்த முதல் ஐயம்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் தாம்சன் என்னும் நிழற்படக் கலைஞர் 1862ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தார். அதையடுத்துப் பத்து மாதங்கள் பினாங்குத் தீவிலும், அக்காலத்தில் புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப்பட்ட இன்றைய செபராங் பிறையிலும் தங்கிப் படம் எடுத்தார். பிற்காலத்தில் சீன நாட்டைப் படம்பிடித்து உலகப் புகழ் பெற்றவர் இவரே.

அந்நாளில் படம் எடுப்பது எளிய வேலையன்று. கண்ணாடித் தகட்டில் ஈரப் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயும் முன்னரே படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவ வேண்டும். இதற்கு உதவியாளர்கள் தேவைப்பட்டனர். உள்ளூர்ச் சீனர்கள் அவ்வேலைக்கு வர மறுத்தனர் என்று தாம்சன் 1875ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பயண நூலில் குறிப்பிடுகிறார். மனிதக் கை படாமலே உருவம் பதிவதை அவர்கள் பேய்வேலையாகக் கருதினார்களாம். வெள்ளி நைட்ரேட்டு தோலைக் கறுக்கச் செய்யும் என்ற தயக்கமும் இருந்ததாம். இறுதியில் சென்னை மாகாணத்திலிருந்து வந்த இருவரையே அவர் பழக்கிப் படிகள் அச்சிடும் பணியில் அமர்த்தினார்.

அந்த இருவரும் தமிழராக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. வரலாறு அவர்களைச் 'சென்னை ஆட்கள்' என்ற அளவில்தான் நினைவில் வைத்திருக்கிறது. பினாங்கு ஃபிரீ பள்ளியில் 1816ஆம் ஆண்டில் தமிழ் வகுப்பு தொடங்கப்பட்டதைத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகப் போற்றுகிறோம். அதற்கு அரை நூற்றாண்டுக்குள்ளாகவே இத்தீவில் நம்மவர் கைகள் இருட்டறை மருந்தில் நனைந்திருக்கின்றன என்பதையும் நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. “மனிதக் கை படவில்லை, ஆகவே இது ஏற்கத்தக்கதன்று” என்பது அன்று நிழற்படத்தின் மீதே வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இலக்கவியல் படம் வந்தபோது, நிழற்படக் கலைஞர்களே அதே குற்றச்சாட்டைத் திருப்பிச் சொன்னார்கள். “கணினி செய்கிறது; மனிதன் என்ன செய்தான்?” என்றார்கள்.

தஞ்சைக் கல்வெட்டும் வரைந்த மேகங்களும்

பினாங்கிலிருந்து கடல் கடந்து சென்னைக்குச் செல்வோம். சென்னை நிழற்படக் கழகம் 1850களில் தோன்றியது. சென்னை ஓவியப் பள்ளியை 1850ஆம் ஆண்டில் நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரே அக்கழகத்திற்கும் வித்திட்டவர்.

அக்காலத்தில் சென்னை அரசின் நிழற்படக் கலைஞராகப் பணியாற்றியவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். இவர் 1857ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1858ஆம் ஆண்டின் முற்பகுதி வரை திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை ஒரே படத்தில் அடக்க இயலாது. ஆகவே இருபத்தொரு படங்களாக எடுத்து வரிசையாக இணைத்தார். அதன் நீளம் ஏறக்குறைய 19 அடி! இன்று நம் கைப்பேசி ஒரே வீச்சில் செய்யும் அகலப்படத்தை, அவர் காளை வண்டியில் கருவிகளை ஏற்றிச் சென்ற காலத்தில் செய்தார்.

இன்னொரு செய்தியும் உண்டு. அக்கால நெகட்டிவ் வானத்தின் நீலத்தைச் சரியாகப் பதியாது. வானம் வெறுமையாக வெளுத்துவிடும். ட்ரைப் தம் காகித நெகட்டிவின் மீது நிறமி தடவி மேகங்களை வரைந்து சேர்த்தார். சில இடங்களில் மரக்கிளைகளின் இலைகளையும் திருத்தினார். வரலாற்று ஆவணமாக நாம் போற்றும் அப்படங்களில் தூரிகை வேலையும் கலந்திருக்கிறது.

அப்படியானால் ட்ரைப் ஏமாற்றினாரா? நான் அவ்வாறு கருதவில்லை. கோயிலை அவர் மாற்றவில்லை. கல்வெட்டில் ஓர் எழுத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. 'கோயில் இப்படி இருக்கிறது' என்பதே அப்படம் தந்த வாக்குறுதி. அந்த வாக்குறுதி காக்கப்பட்டது. வானத்து மேகம் அதைப் பொய்யாக்கவில்லை. எது மாறினால் வாக்குறுதி முறியும், எது மாறினால் முறியாது என்ற வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். பின்னால் வரும் விதிகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

ஐரோப்பாவில் எழுந்த பூசல்

அதே காலத்தில் ஐரோப்பியக் கழகங்களும் இதே கேள்வியோடு போராடின. பிரெஞ்சு நிழற்படக் கழகம் 1855ஆம் ஆண்டில், தூரிகையால் திருத்திய படங்களைத் தன் கண்காட்சியிலிருந்து விலக்கியது. இங்கிலாந்தில் ஆஸ்கார் ரைலாண்டர் 1857ஆம் ஆண்டில், ஏறக்குறைய முப்பது நெகட்டிவுகளை இணைத்து 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் பெரும்படத்தை ஆக்கினார். விக்டோரியா பேரரசியே அதன் படி ஒன்றை வாங்கினார். இருந்தும் எதிர்ப்பு அடங்கவில்லை. படத்தில் ஆடையற்ற உருவங்கள் இருந்தது ஒரு காரணம். பல படங்களை ஒட்டியது மற்றொரு காரணம்.

அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் ராபின்சன், நோயுற்ற இளம்பெண் இறக்கும் காட்சியை ஐந்து நெகட்டிவுகளிலிருந்து உருவாக்கிக் காட்டினார். சாகும் பெண்ணின் துயரத்தைக் கேமராவால் எட்டிப் பார்ப்பதா என்று பார்வையாளர்கள் கொதித்தார்கள். ஆனால் அது நடிக்கவைத்து எடுத்த படம். ஓவியன் அதே காட்சியைத் தீட்டியிருந்தால் யாரும் கொதித்திருக்க மாட்டார்கள். நிழற்படம் என்றவுடன் 'இது நடந்தது' என்று மனம் நம்பிவிடுகிறது. விதிகள் தேவைப்படுவது அந்த நம்பிக்கையால்தான்.

படச்சுருளே விதியாக இருந்த காலம்

இருபதாம் நூற்றாண்டில் நிழற்படக் கழகங்கள் நகரந்தோறும் பெருகின. பன்னாட்டு நிழற்படக் கலைக் கூட்டமைப்பு 1950ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கப்பட்டது. பியாப் என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் அமைப்பு இதுவே. பெல்ஜியத்தைச் சேர்ந்த மருத்துவர் மோரிஸ் வான் டி வையர் இதன் நிறுவனர். இந்திய நிழற்படக் கூட்டமைப்பு 1953ஆம் ஆண்டில் உருவானது. 1934ஆம் ஆண்டில் அமைந்த அமெரிக்க நிழற்படக் கழகமும், 1853ஆம் ஆண்டு முதல் இயங்கும் இங்கிலாந்தின் அரச நிழற்படக் கழகமும் இவற்றோடு சேர்ந்து உலகக் கண்காட்சிகளுக்கு இலக்கணம் வகுத்தன.

அக்காலக் கண்காட்சிகளின் பிரிவுகளைப் பாருங்கள்: கறுப்பு வெள்ளை அச்சுப்படம், வண்ண அச்சுப்படம், வண்ண ஸ்லைடு. எல்லாம் பொருளின் பெயர்கள்! படம் எந்தப் பொருளில் அமைந்திருக்கிறது என்பதே பிரிவைத் தீர்மானித்தது. போட்டியாளர்கள் ஸ்லைடுகளைச் சட்டத்தில் பொருத்தி, பெட்டியில் அடுக்கி, அஞ்சலில் அனுப்பினார்கள். அவை நாடு விட்டு நாடு சென்று, திரையில் காட்டப்பட்டு, மீண்டும் வீடு வந்து சேர்ந்தன.

ஸ்லைடில் ஒரு சிறப்பு உண்டு. கேமராவுக்குள் ஒளிபட்ட அதே படச்சுருள்தான் கழுவப்பட்டுத் திரைக்கு வருகிறது. இடையில் அச்சு இல்லை. கைவேலைக்கு இடம் மிகக் குறைவு. ஒரு பறவையின் ஸ்லைடு வந்தால், அந்தப் பறவை அந்தக் கிளையில் இருந்தது என்று நடுவர் பெரும்பாலும் நம்பலாம். 'படத்தை மாற்றாதே' என்று நீண்ட விதி எழுத வேண்டிய தேவை எழவில்லை. எழுதப்படாத விதியாகப் படச்சுருளே நின்றது.

மூத்த உறுப்பினர்கள் இலக்கவியல் படத்தை எதிர்த்ததன் உண்மைக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அவர்களைப் பழமைவாதிகள் என்று எள்ளுவது எளிது. ஆனால் அவர்களது அச்சத்தில் நியாயம் இருந்தது. இருட்டறையில் ஆண்டுக்கணக்கில் கற்ற கலை வீணாகுமே என்ற வருத்தம் ஒருபுறம். படச்சுருள் தந்த உறுதி போனால் அந்த இடத்தில் எது நிற்கும் என்ற கேள்வி மறுபுறம். இரண்டாவது கேள்விக்கு விடை தேடியதே பின்வந்த விதித் திருத்தங்களின் கதை.

இலக்கவியல் வந்தது

கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975ஆம் ஆண்டில் உலகின் முதல் இலக்கவியல் கேமராவை உருவாக்கினார். எடை ஏறத்தாழ 3.6 கிலோ. படத்தின் அளவு 100 பெருக்கல் 100, அதாவது பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடிகள் ஆயின.

போட்டோஷாப் மென்பொருள் 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிக்கோன் டி1 கேமரா 1999ஆம் ஆண்டில் செய்தியாளர்களின் கைக்கு வந்தது. கேனன் 300டி 2003ஆம் ஆண்டில் வந்தபோது, ஆர்வலர்களும் இலக்கவியலுக்கு மாறத் தொடங்கினர். கோடாக் 2004ஆம் ஆண்டில் ஸ்லைடு புரொஜெக்டர் உற்பத்தியை நிறுத்தியது. கோடாகுரோம் படச்சுருளின் உற்பத்தி 2009ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கோடாக் நிறுவனமே 2012ஆம் ஆண்டில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது.

கழகங்கள் படிப்படியாகவே மாறின. முதலில் இலக்கவியலுக்கென்று தனிப் பிரிவு ஒதுக்கப்பட்டது. அமெரிக்கக் கழகம் 'மின்னணுப் படிமம்' என்றொரு தனிப் பிரிவையே நடத்தியது. அடுத்து, கணினியில் அச்சிட்ட படங்கள் இருட்டறைப் படங்களோடு ஒரே சுவரில் தொங்கின. இறுதியாக, ஸ்லைடு என்ற பிரிவே 'திரையிடப்படும் படம்' என்று பெயர் மாறியது.

இந்தப் பெயர் மாற்றம் சிறியதாகத் தோன்றலாம். நான் இதைப் பெரிய திருப்பமாகக் காண்கிறேன். ஸ்லைடு என்பது பொருளின் பெயர். 'திரையிடப்படும் படம்' என்பது காட்டும் முறையின் பெயர். எதில் எடுத்தாய் என்று விதி கேட்பதை நிறுத்திவிட்டது. அப்படியானால் வேறு எதையாவது கேட்டாக வேண்டுமல்லவா?

விதி கேட்கத் தொடங்கிய புதிய கேள்வி

பியாப், அமெரிக்கக் கழகம், அரச கழகம் ஆகிய மூன்றும் இணைந்து இயற்கை நிழற்படத்திற்குப் பொது வரையறை ஒன்றை வகுத்தன. அது 2015ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் அன்றைய சாரம் இது: படத்தின் தோற்றத்தை மெருகேற்றலாம், இயற்கை சொல்லும் கதையை மாற்றக் கூடாது. தூசிப் புள்ளி, இலக்கவியல் இரைச்சல், படச்சுருள் கீறல் போன்று கருவியால் வந்த குறைகளை நீக்கலாம். காட்சியில் இருந்த ஒன்றை நீக்கவோ, இல்லாத ஒன்றைச் சேர்க்கவோ, இடம் மாற்றவோ கூடாது. பல படங்களை இணைத்து அகலப்படம் ஆக்குவதற்கும் அன்று தடை இருந்தது. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றலாம்.

படச்சுருள் கீறலும் இலக்கவியல் இரைச்சலும் அதில் ஒரே வரியில் நின்றதைக் கவனியுங்கள்! எந்தக் கருவியில் எடுத்தாலும் விதி ஒன்றுதான். படச்சுருள் வாய்பேசாமல் காத்த உறுதியை இப்போது எழுத்து காக்கிறது.

செய்திப்படம், பயணப்படம் ஆகிய பிரிவுகளிலும் இதே கண்டிப்பு உண்டு. படைப்பாக்கப் பிரிவிலோ கற்பனைக்குத் தடையில்லை. மூன்று படங்களை ஒட்டலாம், வானத்தைச் சிவப்பாக்கலாம். காரணம் எளியது. செய்திப்படம் 'இது நடந்தது' என்கிறது. படைப்பாக்கப் படம் 'இது என் கற்பனை' என்கிறது. இரண்டும் வெவ்வேறு வாக்குறுதிகள். ஆகவே வெவ்வேறு விதிகள்.

கறுப்பு வெள்ளைப் பிரிவின் வரையறையும் இப்படித்தான். சாம்பல் நிறத்தின் சாயல்களால் ஆன படம் ஒருநிறப் படம். முழுப்படத்திற்கும் ஒரே சாயம் ஏற்றினாலும் அது ஒருநிறப் படமே. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு ரோஜாவுக்கு மட்டும் சிவப்பு சேர்த்தால் அது வண்ணப்படமாகிவிடும். அச்சு இருட்டறையில் பிறந்ததா, கணினியில் பிறந்ததா என்ற பேச்சே அங்கில்லை.

பொய் எந்தக் கருவியிலும் வரும்

நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1982ஆம் ஆண்டு பிப்ரவரி அட்டைப்படத்தில், எகிப்தியப் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்தது. கிடைமட்டப் படத்தைச் செங்குத்து அட்டைக்குள் அடக்கவே அப்படிச் செய்தார்கள். அது கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

உலகச் செய்திப்படப் போட்டியில் 2010ஆம் ஆண்டில் பரிசு பெற்ற ஸ்தெபான் ரூதிக் தகுதி நீக்கப்பட்டார். ஒருவரது பாதத்தின் சிறு பகுதியைப் படத்திலிருந்து அழித்திருந்தார் என்பதே காரணம். அதே போட்டியில் 2015ஆம் ஆண்டில் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, மூலக் கோப்போடு ஒப்பிட்டபின் விலக்கப்பட்டது. மூலக் கோப்பு என்பது நெகட்டிவுக்கு ஈடானது. கேட்டால் காட்ட வேண்டும்.

இவற்றைப் படித்துவிட்டு 'இலக்கவியல்தான் குற்றவாளி' என்று முடிவு செய்யாதீர்கள். 2009ஆம் ஆண்டின் சிறந்த வனவிலங்குப் படம் என்று பரிசு பெற்ற படத்தில், ஓநாய் ஒன்று வேலிக் கதவைத் தாண்டிப் பாய்ந்தது. ஹோசே லூயிஸ் ரொட்ரிகஸ் அதைப் படச்சுருளில் எடுத்திருந்தார். படத்தில் ஒரு புள்ளியும் மாற்றப்பட்டதாக யாரும் குறை கூறவில்லை. ஆனால் அது காட்டு ஓநாயன்று, பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். 2010 ஜனவரியில் பரிசு திரும்பப் பெறப்பட்டது. எடுத்தவர் அதை மறுத்தார். படச்சுருள் பெரும்பாலும் உண்மையைக் காக்கும். எப்போதும் காக்காது என்பதற்கு இந்த வழக்கே சான்று.

அண்மைக் காலத்தில் மேலும் இரண்டு நிகழ்ச்சிகள். ஜெர்மனியின் போரிஸ் எல்டாக்சன் 2023ஆம் ஆண்டில், சோனி உலக நிழற்படப் போட்டியில் பரிசு பெற்ற தம் படம் செயற்கை நுண்ணறிவால் ஆனது என்று சொல்லிப் பரிசை ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டில் மைல்ஸ் ஆஸ்ட்ரே, தாம் கேமராவில் எடுத்த பூநாரைப் படத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பிப் பரிசு பெற்றார். உண்மையைச் சொன்னதும் அவரும் தகுதி நீக்கப்பட்டார். முன்னவர் படம் நிழற்படமன்று. பின்னவர் படம் நிழற்படம். இரண்டுமே பிரிவின் வாக்குறுதிக்குப் பொருந்தவில்லை. அதுதான் செய்தி!

நம் பள்ளிகளுக்கு இது ஏன் முக்கியம்?

படச்சுருளில் முப்பத்தாறு படங்கள்தாம். ஒவ்வொரு சொடுக்கும் பணம். அக்காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நிழற்படக் கலை எட்டாக்கனியாகவே இருந்தது. இன்று தந்தையின் கைப்பேசியைக் கொண்டு ஒரு மாணவி நல்ல படம் எடுத்துவிட முடியும். 'கேமராவில் எடுத்த படம் மட்டும்' என்று நாம் விதி எழுதினால், வாசலிலேயே அவளைத் தடுக்கிறோம்.

மறுபுறமும் எண்ணிப் பாருங்கள். தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. லயத்து வீடுகளும், மரத்தடிக் கோயில்களும், பழைய பள்ளிக் கட்டடங்களும் பல இடங்களில் நிழற்படங்களாகவே எஞ்சியிருக்கின்றன. தண்ணீர்மலைத் தைப்பூசத்தின் பழைய படம் ஒன்றைப் பார்த்து, அன்று காவடி எப்படி இருந்தது என்று நாம் அறிகிறோம். நம் சமூகத்தின் வரலாற்றுக்கு நிழற்படம் சான்றாக நிற்கிறது. இன்றைய மாணவர் எடுக்கும் படம் நாளைய சான்று. ஆவணப் பிரிவில் எதையும் சேர்க்கலாம், அழிக்கலாம் என்று விட்டுவிட்டால் நாளை எதை நம்புவது?

ஆகவே பள்ளி அளவில் விதி எழுதுவோர்க்கு என் பரிந்துரைகள் இவை:

1. கருவியைக் கொண்டு பிரிக்காதீர்கள். கைப்பேசி, கேமரா, படச்சுருள் அனைத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

2. இரண்டே பிரிவுகள் போதும். ஒன்று ஆவணப் பிரிவு: கண்டதைக் கண்டவாறு காட்டுவது. மற்றொன்று படைப்பாக்கப் பிரிவு: கற்பனைக்கு இடம் தருவது.

3. ஆவணப் பிரிவில் ஓரம் வெட்டலாம், ஒளியையும் வண்ணத்தையும் இயல்பு கெடாமல் சரிசெய்யலாம், கறுப்பு வெள்ளையாக்கலாம். எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

4. படைப்பாக்கப் பிரிவில் ஒட்டலாம், மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு பகுதியும் மாணவர் தாமே எடுத்த படமாக இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்துக்கு நிழற்படக் கண்காட்சியில் இடமில்லை என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

5. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் காட்ட வேண்டும்.

6. எங்கே, எப்போது எடுத்தது, என்ன மாற்றம் செய்தது என்று மாணவரே இரண்டு வரி தமிழில் எழுதித் தரட்டும்.

ஆறாவது பரிந்துரையே எனக்கு மிகவும் விருப்பமானது. அந்த இரண்டு வரிகளில் மொழிப் பயிற்சியும் இருக்கிறது. நேர்மைப் பயிற்சியும் இருக்கிறது. 'வானத்தைச் சற்று இருளாக்கினேன்' என்று எழுதும் குழந்தை, தான் செய்ததற்குப் பொறுப்பேற்கக் கற்றுக்கொள்கிறது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் படத்தை மெருகேற்றுகிறேன் என்று நீங்களே கணினியில் அமர்ந்துவிடாதீர்கள். சற்றுக் கோணலான படமாயினும் அது பிள்ளையின் கண் பார்த்ததாக இருக்கட்டும்.

தகடு போய்ப் படச்சுருள் வந்தது. படச்சுருள் போய்ப் புள்ளிகள் வந்தன. இன்னும் என்னென்னவோ வரும். புதிய கருவி ஒன்று வரும்போதெல்லாம் விதித்தாளை எடுத்துக்கொண்டு, 'இதை அனுமதிக்கலாமா?' என்று கேட்பதற்கு முன்பு, 'இந்தப் பிரிவில் ஒரு படம் பார்ப்பவருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். மற்ற விதிகள் தாமாகவே எழுதப்பட்டுவிடும்.